கால்தான் தப்பு, கத்திரி இல்லை!

இன்று யாரைச் சந்திக்க வாய்த்தது தெரியுமா? ‘அரையிஞ்சு’ தையல்காரரை! யார் அளவு கொடுத்தாலும் அரை அங்குலம் கூட்டி வெட்டுவார், அதனால் அந்தப் பெயர். அவர் சிரிக்கச் சிரிக்கச் சொன்ன கதையை நினைத்தால் இப்போதும் நெஞ்சு படபடக்கிறது.

இதய அடைப்புக்காக அவருடைய வலது தொடை இடுக்கு வழியாகக் குழாய் விட்டு, ஸ்டென்ட் வைத்து வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். சில நாள் படுக்கை. பிறகு கடைக்குக் கிளம்பி, தானே தைத்த பேன்ட்டை மாட்டினார். வலது தொடையில் மட்டும் இறுக்கிப் பிடித்தது.

மனைவிக்குச் சிரிப்பு. “கண்ணு மங்கிப்போச்சுங்க உங்களுக்கு. வெட்டும்போதே கோட்டை விட்டுட்டீங்க.”

“என் கத்திரியா? தப்பவே தப்பாது!”

ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. பேன்ட்டைக் கழற்றி டேப் வைத்தார். இரண்டு காலும் ஒரே அளவு.

“பாத்தியா? துணி சரி. கால்தான் தப்பு!”

“அப்போ காலைப் பிரிச்சுத் தைங்க.”

விடுவாரா? தொடையையும் அளந்தார். வலது பக்கம் பெருத்திருந்தது. கை வைத்தால் ஒரு கட்டி, திக்திக்கென்று துடித்தது.

“இங்க வாயேன். இதயத்துக்குக் கிளை திறந்திருக்காங்க!”

தொட்டுப் பார்த்த மனைவி சிரிக்கவில்லை. “பேசாம ஆட்டோவுல ஏறுங்க.”

ஆஸ்பத்திரியில் ஸ்கேன் பார்த்த டாக்டரம்மா சொன்னார்: “குழாய் விட்ட ஓட்டை மூடல. ரத்தம் கசிஞ்சு ரத்தக்குழாய்க்கு வெளிய பை மாதிரி தேங்கியிருக்கு. வெடிச்சா உயிருக்கே ஆபத்து. நல்லவேளை, இப்பவே வந்தீங்க.”

அரையிஞ்சுக்குப் பயம்தான். ஆனாலும் தொழில் விடவில்லை. “ஓட்டைன்னா… தையல் போடுவீங்களா?”

“தையல் வேணாம். ஊசி மட்டும்தான்.”

“நூல் இல்லாத ஊசியா? அதை வெச்சு என்னம்மா பண்றது?”

அறையே சிரித்தது. ஸ்கேனைப் பார்த்தபடியே அந்தப் பைக்குள் ரத்தத்தை உறைய வைக்கும் மருந்தைச் செலுத்தினார்கள். திரையில் சுழன்ற ரத்தம் உறைந்து நின்றது. டாக்டரம்மா பாதத்தில் விரல் வைத்து, “நாடி ஜோரா ஓடுது, காலுக்கு ரத்தம் நல்லா போகுது” என்றதும்தான் மனைவி கணவரின் கையை விட்டார்.

“வீம்புதாங்க இவரைக் காப்பாத்துச்சு” என்று இன்று மனைவி சொல்ல, “கத்திரின்னு சொல்லு” என்று திருத்தினார் அவர்.

உங்கள் வீட்டில் யாருக்காவது இப்படிக் குழாய் விட்டிருந்தால், அந்த இடத்தில் துடிக்கிற கட்டியோ வீக்கமோ வலியோ தெரிந்தால், ரத்தம் கசிந்தால், உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். தயவுசெய்து இதை நாலு பேருக்கு அனுப்புங்கள்!