அறுபத்து நாலாவது ஆள்

இராஜகுமாரிக்குப் பிலிமத்தலாவையில் ஒரு கடைக்கு மேலே இரண்டு அறைகள்; இரண்டிலும் அவள் மட்டும்தான். பள்ளிக்கூடக் காரியாலயத்தில் முப்பது வருடம் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றபின், யாரும் கேட்காமலே, யூடியூப் பார்த்துப் பைதன் படித்தாள். ஆரம்பக்காரர்களுக்கு இலேசான கணினி மொழி என்று அதில் சொன்னார்கள். சொன்னவர்களில் ஒருவரும் ஆரம்பக்காரர் இல்லை.

மேற்கோள்குறியைத் திறந்து மூட மறப்பாள். உள்தள்ளி எழுத வேண்டிய வரியை நேராக எழுதிவிடுவாள். உடனே சிவப்பில் பதில் வரும், இத்தனையாம் வரியில் பிழை என்று. அது அவளுக்குப் பிடித்துப்போயிற்று. முப்பது வருடத்தில் பள்ளிக்கூட அதிபர்கள் ஏசியிருக்கிறார்களே தவிர, எந்த வரியில் பிழை என்று ஒருவரும் சொன்னதில்லை. அந்த வீட்டில் அவளுக்குப் பதில் சொல்வதும் அது ஒன்றுதான்.

மரண உதவிச் சங்கத்துக்கு அவள்தான் செயலாளர். அங்கத்தவர் அறுபத்து நாலு பேர். அங்கத்தவர் வீட்டில் யாராவது இறந்தால் முன்பெல்லாம் ஒவ்வொருவராகப் போன் பண்ணுவாள். மூன்று மணித்தியாலம் போகும், ஏனென்றால் எல்லாரும் செத்தவரை விட்டுவிட்டுத் தங்கள் முழங்கால் வலியைப் பேசுவார்கள். கடைசி ஆள் அழகமுத்து. ஹுன்னஸ்கிரிய தேயிலைத் தோட்டத்தில் இருந்தவர், இப்போது கெலிஓயாவில் தனியாக வாடகை அறையில். வேறு யாரும் அவரோடு பேசுவதில்லை என்பது அவர் பேசும் நீளத்திலேயே தெரியும்.

பிறகு அவள் ஒரு புரோகிராம் எழுதினாள். ஒரு தட்டு தட்டினால் எல்லாருக்கும் மெசேஜ் போய்விடும். மூன்று மணித்தியாலம் மிச்சம். மிச்சத்தை வைத்து என்ன செய்வது என்பதற்குப் பைதனில் பாடம் இல்லை.

ஆறு மாதத்தில் மூன்று சாவு. மூன்றுக்கும் அழகமுத்து வரவில்லை. மூன்று முறை காரணமில்லாமல் வராதவரின் பெயரை வெட்டுவது சங்கத்தின் சட்டம். பெயர் போனால் நாளைக்கு அவரைத் தூக்க நாலு பேர் வரமாட்டார்கள். வேறு நாலு பேர் அவருக்கு இல்லை.

பௌர்ணமி விடுமுறையான போயா தினத்தில் கூட்டம். அன்று காலை நிகழ்ச்சி நிரலில் அவர் பெயரைத் தட்டும்போது அவளுக்கு உறுத்தியது. அடைமழையிலும் சாவு வீட்டுக்கு முதல் ஆளாய் வருகிற மனிதர். போனை எடுத்தாள், வைத்தாள். அவள் கூப்பிட்டால் யாரோ செத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். சும்மா கூப்பிட்டால் மனிதர் பயந்துவிடுவார். ஆகவே புரோகிராமைத் திறந்தாள்.

ஒன்றிலிருந்து அறுபத்து நாலு என்று எழுதியிருந்தாள். பைதன் கடைசி எண்ணைத் தொடாது, அதற்கு முந்தினதோடு நின்றுவிடும். மூன்றாம் பாடத்திலேயே படித்து, கொப்பியில் எழுதி, கீழே கோடும் போட்டிருந்தாள். சிவப்பில் ஒன்றும் வரவில்லை. பைதனைப் பொறுத்தவரை பிழையே இல்லை, அழகமுத்துதான் இல்லை.

கூட்ட அறிவித்தலும் அதே வழியாகத்தான் போயிருந்தது. ஆகவே அவர் கூட்டத்துக்கும் வரவில்லை. அதுவும் அவர் குற்றத்தில் சேர்ந்தது.

"சட்டம்னா சட்டம்தானே," என்றார் தலைவர் கணேஸ், இரும்புக்கடைக்காரர்.

"அவருக்குச் சொல்லவே இல்லங்க. பிழை என்னோடது," என்றாள் இராஜகுமாரி. "அறுபத்து நாலுன்னு எழுதிட்டேன். அறுபத்தஞ்சுன்னு எழுதியிருக்கணும்."

"நம்மகிட்ட அறுபத்து நாலு பேருதானேக்கா இருக்காங்க."

"அதுக்குத்தான் அறுபத்தஞ்சு."

"ரிட்டயர் ஆனா இப்படித்தான்," என்றது பின்வரிசை. சிரித்தார்கள். பெயர் தப்பியது.

"பிழையத் திருத்திடுங்கக்கா," என்றார் கணேஸ்.

"திருத்திடுறேன்."

வீட்டுக்கு வந்து திறந்தாள். ஒரே ஒரு எண்ணை மாற்ற வேண்டும். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, மாற்றாமல் மூடினாள்.

இருபது நாள் கழித்து ஓர் அங்கத்தவரின் தகப்பன், டெய்லர் பெருமாள், இறந்துபோனார். ஒரு தட்டு, அறுபத்து மூன்று பேருக்குப் போயிற்று. பிறகு போனை எடுத்தாள்.

"யாரு தங்கச்சி?" என்றார் அழகமுத்து, ஹலோகூடச் சொல்லாமல்.

"டெய்லர் பெருமாள்ண்ணே. நாளைக்கு மூணு மணிக்கு எடுக்கிறாங்க."

"அடப் பாவமே. ஆறு மாசமா ஒருத்தரும் சாகலியேன்னு பாத்துக்கிட்டே இருந்தேன்," என்றார்.

"மூணு பேரு போயிட்டாங்கண்ணே. ஒங்களுக்குச் சொல்லாம விட்டது நான்தான்."

ஏசுவார் என்று காத்திருந்தாள்.

"மூணு பேரா? ஒவ்வொருத்தரா சொல்லுங்க. எனக்கு ஒண்ணும் அவசரமில்ல."

இராஜகுமாரி கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.