காருக்கும் எண்ணெய் முழுக்கு

என் பழைய காருக்கு முன்பக்கம் மெத்தையாகிவிட்டது. சிறு பள்ளத்தில் இறங்கினாலும் மூக்கைக் குத்தி, நிமிர்ந்து, மறுபடியும் குத்தும். பிரேக்கைத் தொட்டால் குனிந்து வணக்கம் சொல்லும். எனக்கென்னவோ அது சுகமாகத்தான் இருந்தது. பக்கத்தில் இருந்த மனைவிக்குத்தான் குமட்டல்.

அவள் நெல்லியடியில் ஆசிரியை. என் வேலையும் அந்தப் பக்கம் என்பதால் கொக்குவிலில் இருந்து தினமும் ஒன்றாகப் போவோம். "இது கார் இல்லை, வள்ளம். இனி ஏறமாட்டன்," என்று ஒருநாள் பஸ்ஸில் போய்விட்டாள். வீட்டில் சமையலும் பிள்ளைகளும். நாங்கள் இருவரும் உருப்படியாகக் கதைப்பதே அந்தப் பயணத்தில்தான். காலி இருக்கையைப் பார்க்க எனக்கு அழுகை வராத குறை.

ஆட்டத்தை அடக்கும் சொக் அப்சோபர் செத்துவிட்டது என்று நானே தீர்ப்பெழுதி, அதை மாற்றச் சொல்லிக் கராஜுக்குப் போனேன். கராஜ்காரர் காரின் முன்பக்கப் பொனற்றை இரண்டு கையாலும் அமுக்கி விட்டார். கார் நான்கு தரம் ஆடி ஓய்ந்தது. பிறகு கீழே படுத்தவர் நெடுநேரம் எழும்பவில்லை. எதையோ மோந்து பார்க்கும் சத்தம் கேட்டது.

"அண்ணை, இதுக்கு என்ன பூசினனீங்கள்?"

"நல்லெண்ணெய்," என்றேன். முன்பக்கம் கிறீச்சிடுகிறதே என்று, சனிக்கிழமைதோறும் தலைக்கு எண்ணெய் வைத்து முழுகப் போகுமுன் மிச்சத்தைக் காருக்கும் வார்ப்பேன். மாதக்கணக்காக ஒரு கிழமையும் தவறவில்லை. சத்தம் நின்றதில் எனக்குப் பெருமை தாங்கவில்லை.

"சொக் அப்சோபர் நல்லாத்தான் கிடக்கு. அதைப் பிடிச்சிருக்கிற றப்பரெல்லாம் எண்ணெயிலை ஊறிக் களியாப் போச்சு. பிடியில்லாமல் அது என்னெண்டு ஆட்டத்தை நிப்பாட்டும்? முழுக்கு உங்களோடை இருக்கட்டும்."

புது றப்பர் போட்டு மறுபடி அமுக்கினார். கார் ஒரு தரம் எழும்பி அப்படியே நின்றது.

வீட்டில் உண்மையைச் சொன்னேன். மனைவி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். ஏறுகிறேன் என்று மட்டும் சொல்லவில்லை. திங்கட்கிழமை காலை காரை வாசலில் நிறுத்திவிட்டுக் காத்திருந்தேன். பஸ் நேரத்துக்கு வெளியே வந்தவள் முன்கதவைத் திறந்து ஏறினாள். கோப்பாய் தாண்டும்வரை பள்ளங்களையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

"காரைக் கொஞ்சம் ஆறுதலா, மெள்ளமா ஓடுங்கோ."

நான் உடனே பிரேக்கில் காலை வைத்தேன். "ஏன், தலை சுத்துதோ?"

"இல்லை. சொல்ல எவ்வளவோ கிடக்கு. அதுக்குள்ளை பள்ளிக்கூடம் வந்திடும்."