மோட்டார் ரூமில் போட்ட ஊசி

மூன்றாவது கருவும் நான்காம் மாதத்தில் கலைந்தபோது ஆளாளுக்கு ஒரு காரணம் சொன்னார்கள். நாக தோஷம் என்றார்கள், கண் திருஷ்டி என்றார்கள், நான் டிராக்டரில் ஏறி உட்கார்ந்ததுதான் என்றார்கள். என் கணவரின் அக்கா மட்டும், "கோயிலுக்கெல்லாம் அப்பறம் போலாம். மொதல்ல இவ ரத்தத்த டெஸ்ட் பண்ணுங்க" என்றார். ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்ஸ் அவர்.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். என் ரத்தத்தில் குறை சொல்கிறார், என் பரம்பரையையே இழுக்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். இனிமேல் இந்த வாசப்படியை மிதிக்க வேண்டாம் என்று நாலு பேர் எதிரில் சொல்லிவிட்டேன். அவர் செருப்பை மாட்டிக்கொண்டு போனார்.

ஒரு வருஷம் கழித்து சேலத்து டாக்டரம்மா எழுதிக் கொடுத்ததும் அதே ரத்தப் பரிசோதனையைத்தான். மூன்று மாதம் விட்டு மறுபடியும் எடுத்தார்கள், முடிவு மாறவில்லை. கிருமியோடு சண்டை போட வேண்டிய எதிர்ப்புச் சக்தி, என் உடம்பில் ஆள் தெரியாமல் என்னையே தாக்குகிறதாம். அதனால் நஞ்சுக்கொடியில் ரத்தம் உறைந்து, பிள்ளைக்குச் சத்து போவது நின்றுவிடுகிறதாம். மூன்றையும் கொன்றது என் உடம்பேதானா என்று எங்கள் பாலக்கோடு வரும்வரை பஸ்ஸில் அழுதேன்.

நான்காவதாகக் கரு தரித்தது. ரத்தம் உறையாமல் இருக்க, தினமும் ஒரே நேரத்தில், பிரசவம்வரை வயிற்றில் ஊசி போட்டாக வேண்டும். தக்காளி மண்டியில் அத்தனை பேரை அதட்டி வேலை வாங்கும் என் வீட்டுக்காரர், அந்த ஊசியைப் பார்த்ததும் கட்டிலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். நானே குத்திக்கொள்ள எனக்கும் துணிவு வரவில்லை. கடைசியில் அவர் எனக்குத் தெரியாமல் அக்காவுக்குப் போன் போட்டிருக்கிறார்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு ஸ்கூட்டி சத்தம் கேட்டது. டியூட்டிக்குப் போகுமுன் அதியமான்கோட்டையிலிருந்து அவ்வளவு தூரம் வந்திருந்தார் நாத்தனார். வீட்டுக்குள் வரவில்லை. நான் சொன்ன சொல்லை மறக்காமல், நேராகக் கிணற்றடி மோட்டார் ரூமுக்குப் போய் நின்றுகொண்டார். அவருக்கும் வீம்பு கொஞ்சநஞ்சமில்லை. உள்ளே வாங்க என்று கூப்பிட எனக்கும் வாய் வரவில்லை. ஊசியை எடுத்துக்கொண்டு நானே அங்கே போய், உர மூட்டைமேல் உட்கார்ந்து சேலையை விலக்கினேன். "எந்தப் பக்கம்?" என்று மட்டும் கேட்டார்.

மழை பெய்தது, பொங்கல் வந்தது, அவர் மகனுக்கு டைபாய்டு வந்தது. ஒருநாள்கூட அவர் தவறவில்லை. எங்களுக்குள் இருந்த பேச்செல்லாம் அந்த இரண்டு வார்த்தைதான். இன்றைக்கு வலது, நாளைக்கு இடது. வயிறெங்கும் நீலம் பாய்ந்து இடமே இல்லாமல் போனபோது, விரலால் தடவித் தடவி வலிக்காத இடம் தேடுவார். நாலாம் மாதம் முடிந்த அன்று, ஊசி போட்ட பிறகும் அவர் கை என் வயிற்றிலேயே இருந்தது. மோட்டாரைப் பார்ப்பதுபோல் திரும்பிக்கொண்டு கண்ணைத் துடைத்தார். இப்படிப்பட்ட மனுஷியையா விரட்டினோம் என்று என்மேலேயே எனக்கு ஆத்திரமாக வந்தது. ஆனாலும் பாழாய்ப்போன வாய் திறக்கவில்லை.

பெண் குழந்தை பிறந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்து இறங்கினோம். ஆரத்தி எடுப்பது நாத்தனார் முறை. அவரோ என் பையைத் தூக்கிக்கொண்டு வேப்பமரத்தடியிலேயே நின்றுவிட்டார். வாசப்படிக்கு உள்ளே தட்டோடு என் தங்கை நின்றாள். நான் படி ஏறவில்லை.

"அண்ணி, அன்னிக்கு நான் பேசுனது தப்புங்க. நீங்க உள்ள போய் தட்ட வாங்கிட்டு வாங்க. அதுக்கப்பறந்தான் நானும் புள்ளையும் உள்ள வருவோம்" என்றேன். எல்லோர் எதிரிலும்தான் சொன்னேன். அன்று விரட்டியதும் எல்லோர் எதிரிலும்தானே.

அவர் பையைக் கீழே வைத்தார். செருப்பைக் கழற்றிவிட்டு வாசப்படி தாண்டி உள்ளே போனார். தட்டோடு வந்து மூன்று சுற்றுச் சுற்றி, குழந்தையின் நெற்றியில் பொட்டு வைத்தார். பொட்டு கோணலாக விழுந்தது. அத்தனை ஊசியையும் இடம் தவறாமல் போட்ட கை.

"புள்ள பொறந்தாலும் இன்னும் ஆறு வாரம் ஊசி இருக்குது" என்றார். "நாளைக்கு நீ கட்டில்லயே படுத்திரு. நான் உள்ள வர்றேன்."