கோடில்லாத அலை

கள்ளக்குறிச்சியில் போர்டு எழுதிப் பிழைத்தவன் நான். மளிகைக்கடை, உரக்கடை, சைக்கிள் கடை என்று பஸ் ஸ்டாண்டைச் சுற்றி எல்லாம் என் எழுத்துதான். அந்தத் திமிரில் ஒரு கடலை வரைந்து கடலூர் ஓவியக் கண்காட்சிக்குத் தூக்கிக்கொண்டு போனேன். படங்களைத் தேர்ந்தெடுக்கும் பெரியவர் ஒரே பார்வைதான் பார்த்தார்.

"இது போர்டுங்க. ஓவியம் இல்ல."

எழுத்துக்குப் போடுவது போல ஒவ்வோர் அலைக்கும் கறுப்பில் ஓரம் கட்டியிருந்தேன்.

"இம்ப்ரெஷனிசம்னு கேள்விப்பட்டிருக்கீங்களா? கோடே இருக்காது. தண்ணி மேல வுழற வெளிச்சத்தத்தான் வரைவாங்க. அடுத்த வருஷம் பாக்கலாம்."

எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. அடுத்த வருஷம் அந்தச் சுவரில் என் கடல் தொங்காவிட்டால் படம் வரைவதையே விட்டுவிடுகிறேன், போர்டோடு சரி என்று மனைவியிடம் சொல்லிவிட்டேன். "பாக்கத்தானே போறேன்" என்றாள்.

கடல் தூரம், கோமுகி அணை பக்கம். கல்வராயன் மலையிலிருந்து காற்று இறங்கும் மதியங்களில் சைக்கிளில் போய்க் கரையில் உட்கார்ந்து, கண் வலிக்க அலையைப் பார்த்தேன். பெரியவர் சொன்னது சரிதான். எவ்வளவு தேடியும் ஒரு கோடு கிடைக்கவில்லை.

மறுவருஷக் கண்காட்சிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது இட ஒதுக்கீடு கேட்டுப் போராட்டம் தொடங்கியது. வெட்டிய புளியமரங்கள் ரோட்டின் குறுக்கே கிடந்தன. பஸ் இல்லை, கடை இல்லை, போர்டு எழுதக் கூப்பிட ஆளும் இல்லை. வரைய இதைவிட நல்ல நேரம் வாய்க்காது என்று உட்கார்ந்தேன். டியூப் கலர் நிறைய இருந்தது. அதில் கலக்கும் லின்சீட் எண்ணெய்தான் தீர்ந்துவிட்டது. அது சேலத்திலிருந்து வர வேண்டும். எண்ணெய் எதுவானால் என்ன என்று சமையலறையிலிருந்த விளக்கெண்ணெயை ஊற்றிக் குழைத்தேன். எனாமலிலேயே காலம் தள்ளியவனுக்கு, எல்லா எண்ணெயும் லின்சீட் போலக் காய்ந்துவிடாது என்பது தெரியவில்லை.

நாலாம் நாள் மனைவி படத்தைத் தொட்டுவிட்டு விரலைக் காட்டினாள். விரல் நுனியெல்லாம் நீலம்.

"இன்னாங்க, இன்னும் ஈரமாவே கீது? அலையெல்லாம் கீழ எறங்கிக்கினு வருது பாருங்க."

நீலமும் வெள்ளையும் வழிந்து ஒன்றாகிப் படத்தின் அடியில் தேங்கியிருந்தன. எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஆனால் அந்தப் பெரியவர் முகம் நினைவுக்கு வந்ததும் அழுகை நின்றது. பட்டி பூசும் தகட்டை எடுத்து முழுக் கடலையும் சுரண்டிப் போட்டேன். கேன்வாஸை டர்பெண்டைன் விட்டு எண்ணெய் போகத் துடைத்துக் காயவிட்டு, மறுநாள் எண்ணெயே கலக்காமல் டியூபிலிருந்து அப்படியே பிதுக்கி, அதே தகட்டால் அப்பினேன். தோசைமாவு போல் கெட்டியாக நின்றது. அதன்மேல் கோடு போட நினைத்தாலும் பிரஷ் ஓடாது. ஒரு இழுப்புக்கு ஒரு அலை எழுந்தது. தகட்டைத் தூக்கிய இடத்தில் நுரை தானாக நின்றது. அணையில் பார்த்த வெளிச்சம் அது.

பஸ் விட்ட முதல் நாளே கிளம்பினேன். படம் காயவில்லை. யார் மேலும் படாமல் இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்து, கடலூர் வரை நின்றுகொண்டே போனேன்.

"இன்னா சார் அது?" என்றார் கண்டக்டர்.

"கடலுங்க. இன்னும் ஈரம் காயல."

"கடல் எப்பங்க காஞ்சிது?" என்று டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தார்.

பெரியவர் இந்த முறை வெகு நேரம் பார்த்தார். பக்கத்தில் வந்து பார்த்தார், பின்னால் போய்ப் பார்த்தார். சுவரில் ஆணி அடித்துக்கொண்டிருந்தவரிடம் என் படத்தைக் கை காட்டினார். பிறகு ஒரு வெள்ளை அட்டையை என்னிடம் நீட்டினார்.

"படத்துக்குக் கீழ பேர் வைக்கணும். எழுதறவர் இன்னிக்கு வரல. நீங்களே எழுதிடுங்க."

ஊரில் உள்ளவர் பேரையெல்லாம் ஏணி மேல் நின்று எழுதியிருக்கிறேன். கை ஒருநாளும் ஆடியதில்லை. அன்று 'ஓவியர்' என்று எழுதி, அதற்குப் பக்கத்தில் என் பேரை எழுத மூன்று அட்டை கெட்டது.