பாக் பொக்கற்காரரின் மனைவி

கனடாவில் வந்து இறங்கிய இரண்டாவது சனிக்கிழமை என் கணவர் என்னை மிசிசாகாவில் ஒரு பார்க்குக்குக் கூட்டிக்கொண்டு போனார். கையில்லாத பனியனும் கட்டைக் காற்சட்டையுமாகப் புல்லுக்குள் இறங்கினார். அவர் ஃபுட்போல் விளையாடுகிறவர் என்பது எனக்குத் தெரியும். சம்பந்தம் பேசும்போதே அவருடைய அக்கா கடிதத்தில் எழுதியிருந்தார்: "தம்பி இஞ்சை ஒரு ரீமுக்கு ஃபுல் பாக்." எங்கள் ஐயா பள்ளிக்கூட நாளில் பந்தடித்தவர். கடிதத்தை இரண்டு தரம் வாசித்துவிட்டு, "ஃபுல் பாக் எண்டால் பொறுப்பான பிள்ளையாத்தான் இருக்கும்" என்றார். கல்யாணத்துக்கு அவர் ஓம் சொன்னதில் பாதி அதற்காகத்தான்.

ஆனால் அந்தப் பார்க்கில் பந்து உருண்டையாக இல்லை. முட்டை வடிவத்தில் இருந்தது. கோல் கம்பங்கள் ஒரு பக்கத்துக்கு நாலு. தண்ணீர்க் குழாய்களை நிலத்தில் ஊன்றியிருந்தார்கள். காற்றடித்தால் நாலும் நாலு பக்கம் சாய்ந்தன. ஆட்கள் பந்தைக் கையால் பிடித்தார்கள், குத்தினார்கள், உதைத்தார்கள், ஒருவர் முதுகில் ஒருவர் ஏறினார்கள். நான் சண்டை என்றே நினைத்தேன். பக்கத்தில் நின்ற வெள்ளைக்காரப் பெண்பிள்ளை சிரித்துக்கொண்டு, இது அவுஸ்திரேலியாக்காரரின் ஃபுட்போல் என்றாள்.

என் கணவர் வேலை செய்த பெட்டித் தொழிற்சாலையின் சூப்பர்வைசர் அவுஸ்திரேலியாக்காரர். தன் ஊர் விளையாட்டு இல்லாமல் அந்த மனிதருக்கு இருக்க முடியவில்லை. முறைப்படி ஒரு ரீமுக்குப் பதினெட்டுப் பேர் வேண்டும். அவருக்குத் தேறியது பத்துப் பேர்தான். அதிலும் நாலு பேர், சூப்பர்வைசர் கேட்டால் இல்லையென்று சொல்லத் தெரியாதவர்கள். என் கணவர் அந்த நாலு பேரில் ஒருவர்.

திரும்பி வரும்போது காரில் கேட்டேன். "நீங்கள் ஃபுல் பாக் தானே?"

அவர் கண்ணாடியைப் பார்த்து ஹைவேயில் ஏறினார்.

"ஃபுல் பாக் இல்லை. பாக் பொக்கற்."

"அதென்ன?"

"கோலுக்கு நேர முன்னாலை நிக்கிறவன் ஃபுல் பாக். எதிர்ப் பக்கத்திலை ஆகத் திறமானவனை அவன்தான் மறிக்கவேணும். அவனுக்கு ரெண்டு பக்கமும் மூலையிலை நிக்கிறவங்கள் பாக் பொக்கற்."

"மூலையிலை ஆரை விடுறவை?"

"மற்ற இடத்திலை விடேலாத ஆக்களை" என்றார் நேர்மையாக. பிறகு என்னைப் பார்க்காமல், "அக்காவுக்குச் சொல்லிப்போடாதையும்" என்றார்.

கொழும்பில் கல்யாண எழுத்து முடிந்த கையோடு பதினொரு நாள்தான் சேர்ந்திருந்தோம். பிறகு ஒன்றரை வருஷம் ஸ்பொன்சர் காகிதங்களுக்காகக் காத்திருந்தேன். அந்த மனிதர் என்னை நம்பிச் சொன்ன முதல் இரகசியம் இதுதான்.

நாங்கள் ஸ்காபுரோவில் அந்த அக்காவின், அதாவது என் மச்சாளின், வீட்டுப் பேஸ்மென்ரில் இருந்தோம். சனிக்கிழமை பின்னேரங்களில் மச்சாள் சோற்றைப் போட்டுக்கொண்டே தம்பியை விசாரிப்பார்.

"இண்டைக்கு எத்தினை கோல் அடிச்சனி?"

"நான் அடிக்கிறேல்லை அக்கா. ஏழு ஸ்பொயில் பண்ணினனான்."

மச்சாளின் அகப்பை அப்படியே நின்றது. "ஏனடா? வேலை தந்த மனிசன். அவற்றை விளையாட்டை ஏன் பழுதாக்கிறாய்?"

பந்து எதிராளியின் கைக்குப் போகுமுன் முட்டியால் குத்திவிடுவதற்குத்தான் ஸ்பொயில் என்று பெயர், அது புகழ்ச்சி என்று விளக்க எங்களுக்கு அந்தச் சாப்பாடு முழுவதும் தேவைப்பட்டது. மச்சாள் அரைமனதாகத் தலையாட்டினார். ஆனால் சகவீரனுக்கு வழிவிடுவதற்காக எதிராளியை உடம்பால் மறித்து நிற்பதற்கு ஷெப்பேர்ட் என்று பெயர் என்றதும் அவருடைய முகம் மலர்ந்துவிட்டது. ஞாயிறு பூசை தவறாதவர். மேய்ப்பன் என்றால் அவருக்குத் தெரியும். அடுத்த கிழமை கோயில் வாசலில், "தம்பி ஃபுல் பாக்கும் ஷெப்பேர்டும்" என்று யாருக்கோ சொல்லிக்கொண்டிருந்தார். என் கணவர் கார்த் திறப்பைத் தேடுவதுபோலக் கீழே குனிந்துகொண்டார்.

ஐந்தாம் கிழமை, கோலுக்குப் பின்னால் கொடி பிடிக்கிறவர் வரவில்லை. சூப்பர்வைசர் சுற்றிப் பார்த்தார். ஃபிளாஸ்குடன் சும்மா இருந்தது நான் மட்டும்தான். ஒரு வெள்ளைக் கோட்டைத் தந்தார். முழங்காலுக்குக் கீழே தொங்கியது. நடு இரண்டு கம்பங்களுக்கிடையில் பந்து யாரும் தொடாமல் போனால் கோல், ஆறு புள்ளி, இரண்டு கொடி. ஓரக் கம்பத்துக்குள் போனால் அல்லது வழியில் யாருடைய கையாவது பட்டால் ஒரு புள்ளி, ஒரு கொடி. எனக்குத் தெரிந்த ஆங்கிலத்துக்கு இது போதுமான வேலை. வாய் திறக்கத் தேவையில்லை.

அங்கேதான் என் கணவரின் மற்ற முகத்தைக் கண்டேன். வீட்டில் உப்புக் குறைந்தாலும் சொல்லாத மனிதர். விளையாட்டிலோ வாய் ஓயாமல் கத்தினார். பின்னுக்கு நிற்கிறவனுக்குத்தான் முழு மைதானமும் தெரியும், ஆகவே அவன் கதைத்துக்கொண்டே இருக்கவேண்டும் என்பது சூப்பர்வைசரின் கட்டளையாம். "இடப் பக்கம்! பின்னாலை ஆள்! விடு, விடு!" என்று முன்னுக்கு ஆங்கிலத்தில் கத்துவார். பந்து தூரப் போனதும் முகத்தைத் திருப்பாமல் பின்னுக்கு என்னோடு தமிழில் தொடங்குவார்.

"இவன் வலக்காலாலை உதைக்கமாட்டான், பாரும்."

"அங்காலை சிவப்புத் தலையன் களைச்சுப்போனான்."

"நேத்தையான் கத்தரிக்காய் நல்லாயிருந்தது. சொல்ல மறந்துபோனன்."

நானும் மெல்ல மெல்லப் பதில் சொல்லத் தொடங்கினேன். அவர் மண்ணெண்ணெய் வரிசையில் நின்ற கதை, முதல் பனியில் சறுக்கி விழுந்த கதை, எல்லாம் அந்தக் கம்பங்களுக்கிடையில்தான் கேட்டேன். ஆனால் ரீம்கள் பக்கம் மாறுவதால் நாலு கால்பகுதியில் இரண்டில்தான் அவர் என் பக்கம் நிற்பார். மற்ற இரண்டிலும் எதிர்ப் பக்க ஃபுல் பாக் வந்து நிற்பான். அவன் தன் காதலி விட்டுப்போன கதையைச் சொல்வான். எனக்குப் பாதி விளங்காது. ஆனாலும் தலையாட்டுவேன்.

ஆடி மாதமளவில் முறைப்பாடு வந்தது. கோல் நடுவர் ஒரு பக்கத்துப் பாக் பொக்கற்றுடன் இரகசிய மொழியில் கதைக்கிறார் என்று எதிர் ரீம் தலைவர் சொன்னார். நடு மைதான நடுவர் என்னிடம் வந்து, என்ன கதைத்தீர்கள் என்று மரியாதையாகக் கேட்டார்.

"ஃபிரிட்ஜ் வாங்குறதைப் பற்றி" என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன்.

அவருக்குச் சிரிப்பு வந்தாலும் தீர்ப்பு மாறவில்லை. அன்றிலிருந்து விளையாட்டு நேரத்தில் நானும் என் கணவரும் பேசக்கூடாது.

அந்தத் தடை வந்த மறு சனிக்கிழமைதான் மச்சாள், தம்பியின் விளையாட்டைப் பார்க்கவேண்டுமென்று மடக்குக் கதிரையும் குடையும் றோல்ஸ் பலகாரப் பெட்டியுமாக வந்து இறங்கினார். அவரை என் கம்பத்துக்குப் பக்கத்திலேயே இருத்தினார்கள். கடைசி நிமிஷம். எங்கள் பக்கம் இரண்டு புள்ளியால் முன்னுக்கு நின்றது. சிவப்புத் தலையன் தூரத்திலிருந்து உதைத்தான். பந்து நேரே நடுக் கம்பங்களை நோக்கி வந்தது. என் கணவர் மூலையிலிருந்து ஓடிவந்து எம்பினார். அவர் அவ்வளவு உயரம் எம்பி நான் அதற்கு முன்னும் பார்க்கவில்லை, பின்னும் பார்க்கவில்லை. பந்து அவருடைய விரல்களுக்கு மேலே ஒரு சாண் இடைவெளி விட்டுப் போனது.

கீழே விழுந்தவுடனேயே, "தொட்டனான்! தொட்டனான்!" என்று கையை உயர்த்தினார். ரீம் முழுவதும் சேர்ந்து கத்தியது. நடுவர் தூரத்தில் நின்று என்னைப் பார்த்தார். என் கணவரும் என்னைப் பார்த்தார். கல்யாணப் படத்தில்கூட அப்படி அவர் என்னைப் பார்க்கவில்லை. கதைக்கத் தடை. கண்ணால் கேட்டார்.

ஆனால் அந்தச் சாண் இடைவெளிக்குள் ஆகாயத்தைக் கண்டவள் நான். இரண்டு கொடியையும் தூக்கினேன்.

நாலு புள்ளியால் தோற்றோம். ஒரு கொடி தூக்கியிருந்தால் ஒரு புள்ளியால் வென்றிருப்போம். மச்சாள் கதிரையை மடக்கின சத்தம் மைதானம் முழுக்கக் கேட்டிருக்கும்.

"கட்டின புருசன் எண்டும் பாராமல் ரெண்டு கொடியைத் தூக்கினீரே!"

"அவற்றை கையிலை படேல்லை, மச்சாள்."

"பட்டதெண்டு அவன் சொல்லுறான். அவன்ரை கை அவனுக்குத் தெரியாதே? அதுசரி, ஃபுல் பாக் ஏன் மூலையிலை இருந்து ஓடிவந்தவன்?"

அன்று காரில் மச்சாளுக்கு எல்லாம் வெளிச்சமாகியது. ஸ்காபுரோ வரைக்கும் அவர் இரண்டு வழக்கையும் மாறி மாறி விசாரித்தார். பின் சீற்றில் நான், முன் சீற்றில் குற்றவாளி.

மூன்று நாள் என் கணவர் நகத்தைக் காட்டிக்கொண்டு திரிந்தார். நடுவிரல் நகத்தின் நுனியில் பந்து உரசினதாம், அதனால் வெடித்துவிட்டதாம். அந்த வெடிப்பு பெட்டித் தொழிற்சாலையில் வந்தது என்பது எனக்குத் தெரியும். புதன்கிழமை நான் கோப்பை கழுவிக்கொண்டிருக்க, அவர் துடைத்து வைத்துக்கொண்டிருந்தார்.

"படேல்லை" என்றார்.

"தெரியும்."

"பின்னுக்கு நிக்கிறவன் கேட்டுத்தான் பாக்கவேணும். அதுவும் ஒரு வேலை."

"கொடி பிடிக்கிறவளும் பாத்துத்தான் தூக்கவேணும்."

"நீர் ஒரு கொடியைத் தூக்கியிருந்தால், நான் பிறகும் உம்மட்டைப் பொய்தான் சொல்லிக்கொண்டிருப்பன், என்ன?" என்று கேட்டு அவரே சிரித்தார். அன்று கோப்பை ஒன்று உடைந்தது. அவர் கையிலிருந்துதான் விழுந்தது.

அந்தப் பருவத்தின் இறுதியாட்டம் வேறு இரண்டு ரீம்களுக்கு. முறைப்பாடு செய்த அதே தலைவர் வந்து, கோல் கொடிக்கு அந்தப் பெண்ணைத்தான் விடவேண்டும் என்றார். சொந்தப் புருஷனுக்கே தயவு காட்டாதவள் என்ற பேர் மைதானங்களில் பரவியிருந்தது. என் கணவர் என் குளிர்ச் சட்டையைப் பிடித்துக்கொண்டு கோட்டுக்கு வெளியே நின்றார். கோயில் வாசலில் மச்சாளின் கதையும் மாறியது. "எங்கடை பிள்ளை அங்கை ஜட்ஜ்" என்று சொல்லத் தொடங்கினார். தம்பி எங்கே விளையாடுகிறான் என்று யாரும் கேட்டால், "அவன் ஒரு மூலையிலை" என்பார்.

அடுத்த வருஷம் ஸ்பொயில் பண்ணப்போய் என் கணவர் சுண்டுவிரலை முறித்துக்கொண்டார். சூப்பர்வைசர் அவரை மறுமுனைக் கொடிக்கு அனுப்பினார். கொடி பிடிக்கிற இருவரும் முழு ஆட்டத்தின் புள்ளியையும் ஓர் அட்டையில் எழுதவேண்டும்; முதல் நாளே முடிவில் எங்கள் இருவரின் அட்டையும் ஒத்துப்போகவில்லை. அவருடையதில் ஒரு புள்ளி குறைவு.

"நீர்தான் ஒண்டைக் கூட்டிப் போட்டிருக்கிறீர்" என்றார்.

நடுவர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு என் அட்டையை வாங்கிக்கொண்டு போனார்.