நாற்பது நிமிடக் குரல் செய்தி

அறந்தாங்கி பஸ்ஸில் முப்பது வருஷம் டிக்கெட் கிழித்த கட்டைவிரல் இது. துபாயில் இருக்கும் மகனுக்குக் குரல் செய்தி அனுப்ப, போனில் அந்த மைக் படத்தை இரண்டு நிமிடம் அழுத்திப் பிடித்தாலே வலிக்க ஆரம்பித்துவிடும். விரல் கொஞ்சம் இடப்பக்கம் நழுவினால் போச்சு. ஒரு குட்டிக் குப்பைத்தொட்டி மூடியைத் திறந்து, பேசியதையெல்லாம் வாங்கிக்கொண்டு மூடிக்கொள்ளும். அதை வரைந்தவன் நிச்சயம் குறும்புக்காரன்.

மனைவி இறந்த பிறகு அந்தத் தொட்டி எனக்கு உதவியாகவும் இருந்தது. "தனியா இருக்க முடியலப்பா, ஒரு தடவ வந்துட்டுப் போ" என்று சொல்லி முடித்ததும் நானே விரலை இடப்பக்கம் இழுத்துவிடுவேன். பிறகு புதிதாக, "நல்லாருக்கேன். நீ வேலையப் பாரு" என்று பேசி அனுப்புவேன். பெரும்பாலும் தினமும் இதே கூத்துதான்.

ஒருநாள் செல்போன் கடைப் பெண் சொன்னாள்: "மைக்க அப்படியே மேல தள்ளுங்கய்யா, பூட்டு விழுந்துரும். கைய எடுத்துட்டுப் பேசலாம்." இது தெரியாமல் இத்தனை நாள் விரலை ஒடித்துக்கொண்டேனே என்று எரிச்சலாக வந்தது.

மறுநாள் மதியம் பூட்டைப் போட்டுவிட்டு "தம்பி" என்றேன். குக்கர் விசிலடித்தது. அடுப்பை அணைக்கப் போனவன் போனை மறந்தே போனேன். காக்கைக்குச் சோறு வைத்து, நானும் சாப்பிட்டு, தட்டைக் கழுவிவிட்டு வந்து பார்த்தால் நாற்பது நிமிடம் பதிவாகியிருக்கிறது. பதற்றத்தில் தொட்டிக்குப் பதில் அம்புக்குறியைத் தொட்டுத் தொலைத்தேன். செய்தி போய்விட்டது. அழிக்கப் பார்த்தால், எல்லோருக்குமா, எனக்கு மட்டுமா என்று ஏதோ கேட்டது. கண்ணாடி இல்லாமல் ஒன்றைத் தொட்டேன். செய்தி மறைந்தது, நிம்மதியாக இருந்தது.

சாயங்காலம் அவன் கூப்பிட்டான்.

"அப்பா, முழுசும் கேட்டேன்."

என் போனில் மட்டும்தான் அழிந்திருக்கிறது என்று அப்போதுதான் உறைத்தது.

"யாருப்பா வந்திருந்தாங்க? 'வாங்க வாங்க, நேத்து ஏன் வரல, சாப்பிடுங்க'ன்னு சொன்னீங்களே. அவங்க ஒண்ணுமே பேசலையே?"

"காக்கா, தம்பி."

திரையில் நொடிகள் ஓடிக்கொண்டிருந்தன.

"அடுத்த மாசம் லீவு கேக்குறேன்ப்பா."

எதுக்கு, வேலையப் பாரு என்று வழக்கம்போல வாய்வரை வந்தது. நான் சொல்லவில்லை.