மூன்றாம் நாள் விண்ணரசி

எங்கள் கல்லூரியில் ஒரு பெண் தொடர்ந்து இரண்டு நாள் வரவில்லை என்றால் அது அவள் பாடு. மூன்றாம் நாளும் வரவில்லை என்றால் அது விண்ணரசி அக்காவின் பாடு. மதியம் மூன்று நாற்பதுக்கு ஆபீஸைப் பூட்டிவிட்டு, தோளில் பையை மாட்டிக்கொண்டு, அந்தப் பெண்ணின் ஊருக்குப் பஸ் ஏறிவிடுவாள்.

அரியலூரிலிருந்து ஏலாக்குறிச்சிப் பக்கம் போகும் சாலையில், கன்னியாஸ்திரிகள் நடத்தும் சின்ன மகளிர் கல்லூரி எங்களுடையது. மொத்தமே முந்நூற்றுச் சொச்சம் பிள்ளைகள். அக்கா அங்கே பத்தொன்பது வருடமாகக் கிளார்க். நான் மலர்க்கொடி. குரும்பலூரிலிருந்து மூன்று பஸ் மாறி வந்து தமிழ் நடத்துகிறேன். நாலு மணி அடித்தால் யார் வந்தாலும் வராவிட்டாலும் வீட்டுக்கு ஓடுகிற ஜாதி. அதனாலேயே அக்காவைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வரும்.

அவளை உட்கார வைப்பது ஆகாத காரியம். டீயை நின்றுகொண்டே குடிப்பாள், அதுவும் கொதிக்கக் கொதிக்க. காலில் சக்கரம் கட்டிக்கொண்டு பிறந்தவள் என்று ஸ்டாஃப் ரூமில் கேலி செய்வோம். அவள் கணவர் டேவிட்ராஜ் சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டுகிறார். "அவராச்சும் சிக்னல்ல நிப்பாரு, நம்ம அக்கா நிக்காது" என்று கணக்குத்துறை லீலாவதி சொல்வாள்.

மூன்று நாள் கணக்கு அவள் வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம் தொடங்கியது. ஜோதி என்று ஒரு பெண். ஒரு மாதமாக வரவில்லை. அலுவலக வழக்கப்படி வீட்டுக்குக் கடிதம் போட்டார்கள். பதிலுக்குக் கல்யாணப் பத்திரிகை வந்தது, அதுவும் கல்யாணம் முடிந்து ஒரு வாரம் கழித்து. மாற்றுச் சான்றிதழில், படிப்பை நிறுத்திய காரணம் என்ற இடத்தில் 'திருமணம்' என்று அக்காதான் எழுதினாள். அந்த வார்த்தையைத் தன் கையால் இனி எழுதுவதில்லை என்று அன்றைக்கு முடிவு செய்ததாகச் சொல்வாள்.

"மொத நாள் காய்ச்சல், ரெண்டாம் நாள் சோம்பல், மூணாம் நாள் மாப்ளை" என்பது அவள் சித்தாந்தம். பெண்ணின் வீட்டு வாசலில் நின்றுகொண்டே ஆரம்பித்துவிடுவாள். "ஆண்டவரே மூணாம் நாள் எழுந்துட்டாரு. ஒனக்கு என்னடி இன்னும் படுக்கை?" வேதக்கார வீடாக இருந்தாலும் சரி, பெருமாள் படம் மாட்டிய வீடாக இருந்தாலும் சரி, இதே வசனம்தான். அப்பன்மார்கள் சிரித்துவிடுவார்கள். சிரித்தபின் ஒரு மனிதன் 'முடியாது' என்று அவ்வளவு சுலபமாகச் சொல்ல மாட்டான்.

பையில் ஒரு நீள நோட்டு இருக்கும். பெண் பெயர், ஊர், எத்தனையாம் நாள் போனது, வீட்டில் என்ன சொன்னார்கள், திரும்பி வந்தாளா. ஐந்து கட்டம். கடைசிக் கட்டத்தில் பெரும்பாலும் 'வந்தாள்' என்றுதான் இருக்கும். அப்படி வந்தவர்கள் பட்டம் வாங்குகிற நாளில் அக்கா மண்டபத்தின் கடைசியில் நின்று, பெயர் வாசிக்க வாசிக்க அந்த நோட்டில் டிக் போடுவாள்.

இந்த வருடம் தரச்சான்று கொடுக்கும் குழு எங்கள் கல்லூரிக்கு வருவதாக இருந்தது. சேர்ந்த பிள்ளைகளில் எத்தனை பேர் நிலைத்திருக்கிறார்கள், எத்தனை பேர் பட்டம் வாங்குகிறார்கள் என்று ஐந்து வருடக் கணக்குக் கேட்பார்கள். இரண்டாம் ஆண்டில் மட்டும் நூற்றுப் பத்தில் நூறு பேர் இருந்தார்கள். தொண்ணூற்றொரு சதவீதம். எங்களைவிடப் பெரிய கல்லூரிகளில்கூட இவ்வளவு இல்லை என்று பிரின்சிபால் சிஸ்டர் பூரித்துப் போனார். அந்தச் சதவீதத்துக்குக் கால் முளைத்திருந்தால் அது விண்ணரசி அக்காவின் செருப்பைத்தான் போட்டிருக்கும்.

அந்த நூறு பேரில் ஒருத்தி ஆனி ரோஸ். அக்காவின் ஒரே மகள், கணக்குத்துறை.

ஜனவரியில் பழைய கோப்புகளை அடுக்குவதற்காக அக்கா அவளை இரண்டு நாள் ஆபீஸுக்குக் கூப்பிட்டாள். கல்லூரி வேலையாக வகுப்பை விடுகிற பிள்ளைக்கு ஓ.டி. போடுவோம், வந்ததாகவே கணக்கு. நானும் போட்டேன். மூன்றாம் நாள் பெயர் கூப்பிட்டேன். "ஆபீஸ்ல இருப்பா மிஸ்" என்றது ஒரு பிள்ளை. சரி என்று போட்டேன். மறுநாளும் போட்டேன். பிறகு கூப்பிடுவதையே விட்டுவிட்டேன். மற்ற மூன்று ஆசிரியைகளும் அப்படித்தான். அக்காவோ, மகள் வகுப்பில் இருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டிருந்தாள். அவள் காலையில் சீக்கிரம் வந்து ஆபீஸைத் திறக்கிறவள்; மகள் அடுத்த பஸ்ஸில் வருவதாக ஏற்பாடு. வராதவர் சீட்டில் ஆனி ரோஸ் பெயர் ஒருநாளும் ஏறவில்லை. ஏறினால்தானே அக்காவின் கால் கிளம்பும்.

மார்ச் மாதம் கல்லங்குறிச்சியிலிருந்து வரும் மணிமொழி என்ற முதலாம் ஆண்டுப் பெண்ணை மூன்று நாளாகக் காணோம். "நீங்களும் அரியலூர்தானே போறீங்க மிஸ், வாங்க" என்று அக்கா என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். வீடு பூட்டியிருந்தது. அப்பா அய்யம்பெருமாளுக்குக் காய்ச்சல், ரத்தப் பரிசோதனைக்கு டவுனுக்குப் போயிருக்கிறார்கள் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். எனக்கு அப்பாடா என்றிருந்தது. அக்காவுக்கு அதெல்லாம் பத்தாது. "காய்ச்சல் அப்பனுக்குத்தானே, இவளுக்கு என்ன?" என்று திரும்பவும் பஸ் ஏறினாள்.

அரியலூரில் அந்த லேபைக் கண்டுபிடித்தோம். பெஞ்சில் மணிமொழி அப்பாவைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எங்களைக் கண்டதும் எழுந்தாள்.

"அப்பாவ வுட்டுட்டு வர முடியலக்கா. மூணு நாளா இங்கதான். மொதல்ல ரெண்டு பேரு குத்திக் குத்திப் பாத்தாங்க, நரம்பே கெடைக்கல. ஒரு அக்காதான் ஒரே குத்துல எடுத்தாங்க. அவங்களுக்காகத்தான் ஒக்காந்துருக்கோம்."

உள்ளேயிருந்து நீலக் கோட்டுப் போட்ட பெண் வந்து, "அய்யம்பெருமாள் ஐயா, வாங்க" என்றாள். ஆனி ரோஸ்.

ஆனி ரோஸ் அம்மாவைப் பார்த்தாள். முகத்தில் ரத்தமே இல்லை. ஆனால் கையில் ஊசி இருந்தது, எதிரில் நோயாளி இருந்தார். "கைய இறுக்கி மூடிக்கிங்க ஐயா. எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கும்" என்றாள். ஒரே குத்து. ஐயா முகம் சுளிக்கக்கூட இல்லை. பஞ்சை வைத்து அழுத்தி, அவர் கையை மடக்கிவிட்டு, குழாயில் பெயரை எழுதி ஒட்டினாள். அக்கா கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். மணிமொழியிடம், "அப்பாவுக்குக் காய்ச்சல் வுட்டதும் வந்துடணும், தெரியுதா?" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தாள்.

பஸ் ஸ்டாண்டில் அவள் ஊர்ப் பஸ் இரண்டு போய்விட்டது. அக்கா ஏறவில்லை. அவள் பஸ்ஸைத் தவறவிட்டு நான் பார்த்ததே கிடையாது.

"நீங்க எத்தன நாளு ஓ.டி. போட்டீங்க மிஸ்?"

"நான் மட்டும் இல்லக்கா, எல்லாரும் போட்டாங்க" என்றேன். அதுதான் முதலில் வாயில் வந்தது. இப்போது நினைத்தாலும் அந்தப் பதிலுக்காக வெட்கமாக இருக்கிறது.

"நான் ஒங்களக் கேட்டேன்."

"இருபத்தாறு ஹவர் இருக்கும்க்கா."

மறுநாள் டீ ஆறிப்போய் ஆடை கட்டும்வரை கையில் வைத்துக்கொண்டு நின்றாள். அவளே சொன்னாள். "ஜனவரியிலேருந்து அந்த லேபுலதான் வேல கத்துக்கிட்டு இருந்திருக்கா மிஸ். நேத்து சாயங்காலம் அவகிட்ட கேட்டேன். ஒனக்கு என்னடி கொறை வெச்சேன்னு. 'கொறை ஒண்ணுமில்லம்மா. பன்னெண்டாவது பேரு வேணும்னு சேத்த. பேரு இருக்குதுல்ல'ன்னுட்டா."

அது உண்மை. ஆனி ரோஸ் பிளஸ் டூ முடித்ததும் பெரம்பலூரில் லேப் டெக்னீஷியன் படிப்பில் சேரக் கேட்டாள். அந்த வருடம் கணக்குத்துறையில் பதினொரு பேர்தான். பன்னிரண்டு இல்லாவிட்டால் வகுப்பு நடக்காது. மற்ற பதினொரு வீடுகளுக்கும் போய்ச் சேர்த்தவளே அக்காதான். பன்னிரண்டாவதாக மகளை எழுதினாள். "ஆண்டவருக்கும் பன்னிரண்டு பேர்தான்" என்று சிஸ்டர் சிரித்தார். நாங்களும் சிரித்தோம். ஆனி ரோஸ் சிரித்தாளா என்று எங்களில் யாருக்கும் ஞாபகம் இல்லை.

செய்தி பரவியதும் லீலாவதி சாப்பாட்டு வேளையில், "ஊரார் பிள்ளைய ஊட்டி வளத்தா தன் பிள்ளை தானா வளரும்னு சொல்லுவாங்க, வளந்துருச்சு" என்றாள். "நீ போட்ட ஓ.டி.ய மொதல்ல எண்ணிட்டு வா" என்று சீறினேன். அதற்குப்பின் இரண்டு பேரும் தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டோம்.

சிஸ்டர் நல்லவர், ஆனால் குழு வர ஒன்பது நாள்தான் இருந்தது. "விண்ணரசி, இப்ப எதையும் தொடாதே. குழு வந்துட்டுப் போகட்டும். அட்டெண்டன்ஸ் இருக்கு, ஹால் டிக்கெட் வரும், பிள்ளை வந்து பரீட்சை எழுதட்டும். ஒரு வருஷந்தான். எப்படியாவது முடிச்சிடுவா."

அக்கா மற்ற அப்பன்மார்களிடம் இத்தனை வருடமாகச் சொன்னதும் இதைத்தான். ஒரு வருஷந்தான், எப்படியாவது முடிச்சிடுவா. அதை இப்போது அவளிடமே சொன்னபோது அவளால் நிற்கவும் முடியவில்லை, போகவும் முடியவில்லை. சேலைத் தலைப்பை முறுக்கி முறுக்கிப் பிரித்தாள்.

"அந்தப் பொய்ய உள்ள வெச்சுக்கிட்டு நாளைக்கு இன்னொருத்தர் வூட்டு வாசல்ல நான் எந்த மூஞ்சியோட நிப்பேன் சிஸ்டர்?"

சிஸ்டர் மேசைமேல் இருந்த குழுவின் கோப்பை மூடினார். பிறகு, "உன் இஷ்டம்" என்றார்.

அன்று மதியம் அக்கா வருகைப் பதிவேட்டை எடுத்துக்கொண்டு என் மேசைக்கு வந்தாள். கோப்பு அடுக்கிய முதல் இரண்டு நாளை மட்டும் விட்டுவிட்டு, என் பாடவேளைகளில் ஒவ்வொரு ஓ.டி.யையும் சிவப்பு மையால் அடித்திருந்தாள். திருத்தியதற்கு நான் பக்கத்தில் கையெழுத்துப் போட வேண்டும். இருபத்து நாலு கையெழுத்து. அவள் ஒரு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது. திட்டவில்லை. மை காய்கிறதா என்று ஊதி ஊதிப் பார்த்து, அடுத்த ஆசிரியையிடம் போனாள்.

குழு வந்தது. தொண்ணூறு சதவீதம் என்று எழுதிக்கொண்டது. கணக்குத்துறையில் பன்னிரண்டில் ஒன்று ஏன் குறைந்தது என்று கேட்டார்கள். "எம் பொண்ணுங்க சார். நாந்தான் கட்டாயப்படுத்திச் சேத்தேன்" என்றாள் அக்கா. அதற்குமேல் அவர்கள் கேட்கவில்லை. என்ன தரம் கொடுப்பார்கள் என்று இன்னும் தெரியவில்லை. சிஸ்டர் தினமும் மெயிலைத் திறந்து திறந்து பார்க்கிறார்.

போன வாரம் என் வகுப்பில் இரண்டு பேர் வரவில்லை. இப்போதெல்லாம் நான் முகத்தைப் பார்த்துத்தான் பெயர் கூப்பிடுகிறேன். சீட்டைக் கொடுக்க ஆபீஸுக்குப் போனபோது அக்கா பையைக் கட்டிக்கொண்டிருந்தாள். மேசைமேல் அந்த நீள நோட்டுத் திறந்து கிடந்தது. கேட்காமலே எடுத்துப் பார்த்தேன்.

பெயர்: ஆனி ரோஸ். ஊர்: சொந்த வீடு. எத்தனையாம் நாள் போனது: நாற்பத்து மூன்று. வீட்டில் என்ன சொன்னார்கள்: அவள் சொன்னாள், நான் கேட்டேன். கடைசிக் கட்டத்தில் 'வந்தாள்' என்றும் இல்லை, 'வரவில்லை' என்றும் இல்லை. 'வர வேண்டாம் என்று சொல்லிவிட்டு, ஜூனில் பெரம்பலூரில் சேர்க்க விண்ணப்பம் வாங்கி வந்தேன்' என்று இருந்தது. கட்டத்துக்குள் இடம் போதாமல் எழுத்து ஓரத்துக்கு வழிந்திருந்தது.

அக்கா நோட்டை என் கையிலிருந்து வாங்கிப் பைக்குள் வைத்தாள். "ரெண்டு பேருல யாருக்கு மூணாம் நாளு மிஸ்?" என்றாள். சொன்னேன். மணி மூன்று முப்பத்தெட்டு. அவளோடு நானும் கிளம்பினேன்.